நம்பிக்கையைக் கேட்காத வகுப்பறை: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் மெய்யியலும் சமயவியலும் பயில ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று எல்லாரும் அழைக்கும் சமுதாயக் கல்லூரிக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் கணினி, கணக்கியல், செவிலியர் பயிற்சி போன்றவற்றை நாடியே வருகிறார்கள். பட்டத்திற்குத் தேவையான பொதுக் கல்விப் பாடங்களை நிரப்ப வேண்டிய கட்டம் வரும்போதுதான் 'மெய்யியல் அறிமுகம்', 'உலகச் சமயங்கள்', 'அறவியல்' ஆகிய பெயர்கள் அவர்கள் கண்ணில் படுகின்றன. சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த சங்கதிதானே என்று எண்ணிச் சிலர் சேர்கிறார்கள். தங்கள் நம்பிக்கைக்கு ஊறு வந்துவிடுமோ என்று அஞ்சிச் சிலர் தவிர்க்கிறார்கள். இரு சாராரும் அந்த வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறியாமலேயே முடிவெடுக்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்த பிறகு மாலை வகுப்புகளில் இப்பாடங்களைப் பயின்று, பின்னர் சில பருவங்கள் கல்லூரியின் எழுத்துப் பயிற்சி மையத்தில் மாணவர்களின் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில், புதிதாக வருபவர் எந்த வரிசையில் எதைச் செய்தால் இப்பாடங்களின் முழுப் பயனையும் பெறலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வகுப்பின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள்

சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை அரசு நிதியில் நடப்பவை. அரசு நிறுவனம் எந்தச் சமயத்தையும் பரப்பக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் விதித்த எல்லை. 1963-ஆம் ஆண்டு அபிங்டன் பள்ளி மாவட்டம் எதிர் ஷெம்ப் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் வழிபாட்டு நோக்கில் பைபிள் வாசிப்பது சட்டத்திற்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, சமயங்களையும் அவற்றின் வரலாற்றையும் சார்பற்ற கல்வியாகக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்ற அந்தப் பாகுபாட்டின் மேல்தான் இன்றைய சமயவியல் வகுப்பு நிற்கிறது.

இதன் நடைமுறை விளைவு மாணவருக்கு மிக முக்கியமானது. ஆசிரியர் உங்கள் நம்பிக்கை என்ன என்று கேட்டு மதிப்பெண் வழங்க மாட்டார்; நீங்கள் ஆத்திகரா நாத்திகரா என்பதும் மதிப்பீட்டில் சேராது. ஒரு கருத்தை நேர்மையாக விளக்க முடிகிறதா, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள காரணங்களை எடை போட முடிகிறதா என்பதே மதிப்பிடப்படும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இனிச் சொல்லவிருக்கும் எல்லாமே எளிதில் விளங்கும்.

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதை இந்த வகுப்பை நினைவூட்டுகிறது. வஞ்சி நகரில் மாதவ வடிவம் (துறவியின் தோற்றம்) கொண்ட மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், பூதவாதி எனப் பல சமயக் கணக்கர்களிடமும் (சமய அறிஞர்களிடமும்) சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். உலகச் சமயங்கள் பாடத்தின் முதற்பாதி இதுவே. காப்பியத்தின் முடிவில் அவள் ஒரு வழியைத் தேர்ந்துகொள்கிறாள். கல்லூரி வகுப்பு அந்தத் தேர்வை உங்களிடம் கோருவதில்லை.

நோக்கத்தை முடிவு செய்யுங்கள்

பொதுக் கல்வித் தேவையை நிறைவு செய்ய ஒரே ஒரு பாடம் எடுக்கிறீர்களா, இரண்டு ஆண்டுகள் இங்கே பயின்று பின்னர் பல்கலைக்கழகத்தில் மெய்யியலிலோ சமயவியலிலோ இளங்கலைப் பட்டம் பெற விரும்புகிறீர்களா, அல்லது மன நிறைவுக்காக மட்டும் பயில்கிறீர்களா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று நோக்கங்களுக்கும் பாடத் தேர்வு வேறுபடும். மன நிறைவுக்காகப் படிப்பவர்கள், மதிப்பெண்ணும், பட்டத்திற்குக் கணக்கிடப்படும் பாட அலகான கிரெடிட்டும் இல்லாமல் வகுப்பில் அமர்ந்து கேட்கும் ஆடிட் முறை தங்கள் கல்லூரியில் உண்டா என்று விசாரிக்கலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்வதே முறை. மெய்யியலில் பெறும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் மட்டும் நேரடியாக ஒரு வேலையைத் தேடித் தராது. அது இளங்கலைக்கான முதல் பாதி. ஆனால் சட்டக் கல்லூரிக்குச் செல்ல எண்ணுபவருக்கு இப்பயிற்சியின் மதிப்பு மிகுதி. சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்சாட் தேர்விலிருந்து லாஜிக் கேம்ஸ் எனப்பட்ட புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்ட் முதல் நீக்கப்பட்டு, வாதங்களைப் பகுத்தாயும் பகுதி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. மெய்யியல் வகுப்பில் வாரந்தோறும் செய்யும் வேலையும் அதுவே.

விசா, கட்டணம், உதவித்தொகை

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இளநிலைப் படிப்பில் ஒரு பருவத்திற்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முழுவதும் இணையவழியில் நடக்கும் பாடங்களில் ஒன்று மட்டுமே, அதிகபட்சம் 3 கிரெடிட் அளவில், அந்தக் கணக்கில் சேரும். மெய்யியல் பாடங்கள் பல கல்லூரிகளில் இணையவழியாகவே மிகுதியாக நடத்தப்படுவதால், அட்டவணையில் 'நேரடி' என்று குறிப்பிட்டுள்ளதா என்பதை எஃப்-1 மாணவர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்தே பதிவு செய்ய வேண்டும். எச்-1பி போன்ற பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் உள்ளவர்கள் தனியாக மாணவர் விசா பெறாமலேயே பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ படிக்கலாம். சுற்றுலா விசாவில் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர் பட்டத்திற்கான பாடங்களில் சேர இயலாது.

குடியுரிமை பெற்றவர்களும், கிரீன் கார்டு உடையவர்களும், அகதி நிலை போன்ற சில தகுதிகள் உடையவர்களும் ஃபாஃப்ஸா என்னும் கூட்டாட்சி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பலாம். அதன் வழியே கிடைக்கும் பெல் கிராண்ட் திருப்பிச் செலுத்த வேண்டாதது; 2025–26 கல்வியாண்டிற்கு அதன் உச்சவரம்பு 7,395 டாலர். விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். எஃப்-1, எச்-4 விசாக்களில் உள்ளவர்களுக்கு இந்தக் கூட்டாட்சி உதவி கிடையாது.

கட்டணம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டை அங்கே யூனிட் என்பார்கள்) 46 டாலர் என்பது 2012 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மூன்று யூனிட் கொண்ட ஒரு மெய்யியல் பாடத்திற்கு 138 டாலர் ஆகும். மாநிலவாசி அல்லாதவருக்கு இது பன்மடங்கு உயரும் என்பதால், உங்கள் விசாவையும் குடியிருப்புக் காலத்தையும் கல்லூரி எவ்வாறு கணக்கிடுகிறது என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்குங்கள்.

ஆலோசகரைச் சந்திக்கும்போது

கல்லூரி ஆலோசகரிடம் வெறுங்கையுடன் சென்று, நான் என்ன படிக்கலாம் என்று கேட்பவருக்குப் பொதுவான விடையே கிடைக்கும். செல்வதற்கு முன், பிறகு சேர விரும்பும் பல்கலைக்கழகங்கள் இரண்டு மூன்றின் பெயரையும், அங்கே மெய்யியல் தனித் துறையா, சமயவியல் தனித் துறையா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சமுதாயக் கல்லூரிகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே துறையின் கீழ் இருக்கும். பல்கலைக்கழகத்திலோ அவை தனித்தனியாக இருக்கக்கூடும் என்பதால், இங்கே எடுத்த 'உலகச் சமயங்கள்' பாடம் அங்கே மெய்யியல் முதன்மைப் பாடத்தில் கணக்கிடப்படாமல் வெறும் விருப்பப் பாடமாகப் போய்விடலாம்.

கலிபோர்னியாவில் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு இணையாக ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் என்ற அரசுத் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே மாற்றுச் சேர்க்கைக்கென்றே, அதாவது இங்கிருந்து பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சேர்வதற்கென்றே, வகுக்கப்பட்ட அசோசியேட் பட்டம் மெய்யியலிலும் உண்டு. அதை முடித்தவருக்குக் கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி அமைப்பில் எங்கேனும் ஓரிடம் உறுதி. ஆனால் விரும்பிய வளாகமே கிடைக்கும் என்பது உறுதியில்லை. டெக்சாஸில் பொதுப் பாட எண் முறை இருப்பதால் பணி இன்னும் எளிது. பில் (மெய்யியலைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) 1301 என்றால் மெய்யியல் அறிமுகம், 1304 என்றால் உலகச் சமயங்கள், 2303 தருக்கவியல், 2306 அறவியல் என்று, அந்த எண் முறையில் சேர்ந்துள்ள எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே பொருளே கொள்ளப்படும். வேறு மாநிலத்திலோ தனியார் பல்கலைக்கழகத்திலோ சேர எண்ணுபவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சேர்க்கை அலுவலகத்திடமே கேட்பது நல்லது. ஆலோசகரின் வாய்மொழியை மட்டும் நம்பிப் பாடம் எடுத்து, ஒரு பருவத்தை இழந்தவர்களை நான் எழுத்து மையத்தில் பல முறை சந்தித்திருக்கிறேன். கல்வித் திட்டம் தாளில் இருக்கட்டும். அதன் ஒரு படி உங்களிடமும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்காக இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். 1974-இல் இயற்றப்பட்ட ஃபெர்ப்பா என்ற தனியுரிமைச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண்களையும் பதிவுகளையும் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கல்லூரி பொதுவாகப் பெற்றோருக்குத் தெரிவிக்காது. பேராசிரியருக்குத் தொலைபேசியில் அழைப்பதால் பயனில்லை. பிள்ளையிடமே கேட்க வேண்டும்.

எந்தப் பாடம் முதலில்

ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சிப் பாடத்தை முதலில் முடியுங்கள். அல்லது முதல் மெய்யியல் பாடத்துடன் சேர்த்தாவது எடுங்கள். இப்பாடங்களில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி கட்டுரைகளில்தான் இருக்கிறது. கருத்தில் தேர்ந்தவர்கள்கூட எழுத்தின் அமைப்பு கைவராமல் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

அடுத்து, அறிமுகப் பாடத்தை எடுப்பதா தருக்கவியலை எடுப்பதா என்ற கேள்வி வரும். பெரும்பாலோர் அறிமுகத்தில் தொடங்குகிறார்கள். என் கருத்து வேறு: தருக்கவியலையோ, விமரிசனச் சிந்தனை என்ற பெயரில் நடக்கும் அதன் எளிய வடிவத்தையோ முதலில் எடுப்பதே சிறந்தது. பல இடங்களில் இது பொதுக் கல்வித் தேவை ஒன்றையும் நிறைவு செய்யும் என்பது கூடுதல் பயன். முக்கியக் காரணம் வேறு. வாதம் என்றால் என்ன என்பது தெரியாமல் மெய்யியல் நூலைத் திறப்பவர், அதிலுள்ள முடிவுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அவை எப்படி வந்தன என்பதைத் தவற விடுகிறார்.

தருக்கவியல் முதல் மாதத்தில் கற்றுத் தருவது இதுதான். எல்லாப் பறவைகளும் பறக்கும், பெங்குவின் ஒரு பறவை, எனவே பெங்குவின் பறக்கும் என்ற வாதத்தின் வடிவத்தில் பிழையில்லை. முற்கூற்றுகளிலிருந்து முடிவு தவறாமல் பின்தொடர்கிறது. இத்தகைய வாதத்தை வேலிட் என்பார்கள். ஆனால் முதல் முற்கூற்று உண்மையன்று என்பதால் இதைச் சவுண்ட் என்று சொல்ல மாட்டார்கள். இதற்கு மாறாக, மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, எனவே மழை பெய்தது என்ற வாதத்தில் முடிவு உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் வடிவத்தில் ஓட்டை இருக்கிறது, ஏனெனில் எவரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம். உண்மை வேறு, முடிவு முறையாகப் பின்தொடர்வது வேறு என்ற இந்தப் பிரிவு மனத்தில் ஊறிவிட்டால் பாதிக் கிணற்றைத் தாண்டியதாகவே கொள்ளலாம்.

தமிழ் மாணவருக்கு இது அன்னியமான கலை அன்று. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகையுடைமையால் என்பது ஏது (காரணம்), அடுக்களை போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று மணிமேகலையே தருக்கத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. வழுவுள்ள வாதங்களைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வகைப்படுத்தவும் செய்கிறது. வகுப்பில் ஃபேலசி என்ற சொல் வரும்போது 'போலி' என்று மனத்தில் குறித்துக்கொண்டால் கருத்து உடனே ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரமும் சிலபஸும்

ஆசிரியர் முதல் நாளில் தரும் சிலபஸ், நம் ஊர்ப் பாடத்திட்டப் பட்டியல் போன்றதன்று. அது ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம். மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, தாமதமாகக் கொடுத்தால் என்ன இழப்பு, எத்தனை வகுப்புகள் தவறலாம், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்த எந்த அளவுக்கு அனுமதி என்பவை எல்லாம் அதில் இருக்கும். பாடத்தைத் தடயமின்றிக் கைவிடும் கடைசி நாளையும், டபிள்யூ என்ற குறிப்புடன் விலகும் கடைசி நாளையும் கல்லூரி நாட்காட்டியில் பார்த்து உடனே குறித்து வையுங்கள். கூட்டாட்சி உதவித்தொகை பெறுபவர் பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்கு முன் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால் பெற்ற தொகையின் ஒரு பகுதி திருப்பிச் செலுத்தப்பட வேண்டியிருக்கும்.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்திற்கு மூன்று மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே ஆறு மணி நேர உழைப்பும் என்பது வழக்கமான கணக்கு. மெய்யியலில் இந்த ஆறு மணி நேரம் உண்மையாகவே தேவைப்படும்.

மெய்யியல் நூலை வாசிக்கும் முறை

1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்க மெய்யியலாளர் வெளியிட்ட ஒரு கட்டுரை மூன்றே பக்கங்கள் கொண்டது. நியாயமான காரணங்களோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற வரையறையை அந்த மூன்று பக்கங்கள் அசைத்துவிட்டன. அறிமுக வகுப்புகள் பலவற்றில் அது இன்றும் பாடமாக இருக்கிறது. அதை நான் முதல் முறை பத்து நிமிடத்தில் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று வகுப்புக்குச் சென்றேன். ஆசிரியர் கேட்ட முதல் கேள்விக்கே விடை சொல்லத் தெரியவில்லை. பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நேரம் ஒதுக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

எனக்குப் பயன்பட்ட முறை இது. முதல் முறை நிறுத்தாமல் படித்து, ஆசிரியர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுத வேண்டும். இரண்டாம் முறை பென்சிலோடு அமர்ந்து, முடிவு எங்கே சொல்லப்படுகிறது, அதற்கான காரணங்கள் எங்கே வருகின்றன, எங்கே ஆசிரியர் தம் எதிரியின் கருத்தை எடுத்துச் சொல்கிறார் என்று ஓரத்தில் குறியிட வேண்டும். மூன்றாவதாகச் சொன்ன இடத்தில்தான் புதியவர்கள் மிகுதியாக இடறுகிறார்கள்: மறுப்பதற்காக எடுத்துரைத்த கருத்தை ஆசிரியரின் சொந்தக் கருத்தாகவே எழுதிவிடுகிறார்கள். பிளேட்டோவின் உரையாடல்களிலும் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹ்யூமின் உரையாடல் வடிவ நூலிலும் யார் பேசுகிறார் என்பதைக் கவனிக்காவிட்டால் இந்தத் தவறு நிச்சயம். கடைசியாக, ஒவ்வொரு பத்தியையும் நூலை மூடிவிட்டுத் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் நூலின் சொற்களையே திருப்பிச் சொல்லிவிட்டு, புரிந்தது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியும். தமிழில் சொல்லும்போது அந்த வாய்ப்பில்லை; புரியாத இடத்தில் நா நின்றுவிடும். எங்கே நின்றதோ அந்த இடமே ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்பதற்கென்றே ஆஃபீஸ் அவர்ஸ் என்ற நேரம் ஒவ்வொரு வாரமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியரைத் தனியே சென்று பார்ப்பது அவரைத் தொந்தரவு செய்வதாகுமோ என்ற தயக்கம் நம் பிள்ளைகளிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் மாணவருக்காகவே காத்திருக்கிறார். பெரும்பாலும் யாருமே வருவதில்லை. இரண்டாம் வாரத்திலேயே ஒரு கேள்வியோடு செல்லுங்கள்.

துணை நூல்களுக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கட்டுரைகளைத் துறை அறிஞர்களே எழுதுகிறார்கள். தொடக்க நிலையில் அது சற்றுக் கடினமாக இருந்தால் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள இலவச அறிமுகப் பாடநூலில் தொடங்கலாம்.

வகுப்பில் பேசுதல்

வகுப்பில் பேசாமல் அமைதியாக அமர்ந்திருப்பது இங்கே பணிவாகக் கருதப்படாது. பாடத்தைப் படித்து வரவில்லை என்றே பொருள்படும். பங்கேற்புக்கெனத் தனி மதிப்பெண்ணும் பல பாடங்களில் உண்டு. ஆசிரியரின் கருத்தை மறுத்துப் பேசுவதும் அவமரியாதையன்று, காரணத்தோடு மறுத்தால் அவர் மகிழ்வார்.

எடுத்துக்காட்டாக, பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் எழும் பழங்கேள்வி ஏறக்குறைய எல்லா அறிமுக வகுப்பிலும் வரும். கடவுள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, அது நல்லது என்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா என்பதே அது. எங்கள் சமயத்தில் இப்படித்தான் சொல்லியிருக்கிறது என்று விடை சொன்னால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். முதல் வழியைக் கொண்டால் கடவுள் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடுமே, இரண்டாம் வழியைக் கொண்டால் நன்மைக்குக் கடவுளுக்கு அப்பாற்பட்ட ஓர் அளவுகோல் வேண்டுமே என்று இரு பக்கத்தின் விலையையும் எடுத்துக்காட்டுவதே வகுப்பு எதிர்பார்க்கும் பேச்சு. இதை ஒரு பக்தரும் செய்யலாம், நாத்திகரும் செய்யலாம். இருவரும் ஒரே வகுப்பில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

கட்டுரை எழுதுதல்

எழுத்து மையத்தில் நான் கண்ட கட்டுரைகளில் நம் மாணவர்களின் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: அவர்கள் தெரிந்ததை எல்லாம் எழுதினார்கள். பிரெஞ்சு மெய்யியலாளர் டேகார்ட் பிறந்த ஆண்டு, வாழ்ந்த நாடு, எழுதிய நூல்கள் என்று இரண்டு பக்கம் போய்விடும். அவருடைய ஐயவாதம் வெல்கிறதா தோற்கிறதா என்ற கேள்விக்குக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி மிஞ்சும். கேள்விக்கு நேராக ஒரு மையக் கூற்றை முதல் பத்தியிலேயே வைக்க வேண்டும். 'டேகார்ட்டின் கனவு வாதம் புலனறிவை முழுவதும் நிராகரிக்கப் போதுமானதன்று, ஏனெனில்...' என்று தொடங்கும் வாக்கியம் ஒரு மையக் கூற்று. 'டேகார்ட் சிறந்த சிந்தனையாளர்' என்பது மையக் கூற்றாகாது. அதை மறுக்க எவரும் முன்வர மாட்டார்கள்.

அடுத்து, எதிர்ப்பக்கத்தின் வாதத்தை அதன் மிக வலுவான வடிவில் எடுத்துரைக்க வேண்டும். நோஞ்சானை நிறுத்தி வைத்து வீழ்த்தினால் அது வெற்றியாகாது; எதிர்வாதியே படித்துவிட்டு, ஆம், என் கருத்து இதுதான் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிய பிறகே மறுப்பைத் தொடங்க வேண்டும். ஒரு மறுப்பை முழுமையாக எழுதுவது ஐந்து மறுப்புகளைத் தொட்டுச் செல்வதைவிட மேலானது.

பழமொழியையோ குறளையோ மறை வாக்கையோ மேற்கோளாகக் காட்டுவது அழகு சேர்க்கலாம். ஆனால் அது ஆதாரமாகாது. அந்த வாக்கு ஏன் சரி என்பதையும் நீங்களே நிறுவ வேண்டும். பிறர் எழுதியதைக் குறிப்பில்லாமல் எடுத்தாள்வது இங்கே கடுங்குற்றம். பாடநூல் வரிகளை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் பெற்ற பள்ளிப் பழக்கத்தில் வந்த மாணவர் ஒருவர், தாம் செய்தது திருட்டு என்பதே தெரியாமல் ஒரு பாடத்தை இழந்ததைப் பார்த்தபோது என் மனம் மிக நொந்தது. எடுத்த வரிக்கு மேற்கோள் குறி, சுருக்கிச் சொன்ன கருத்துக்கு மூலம் என்பதை முதல் வரைவிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

வரைவை எழுத்து மையத்திற்குக் கொண்டு செல்லுங்கள்; அது கட்டணமில்லாத சேவை. கெடு நாளுக்கு முந்தைய இரவில் சென்றால் இலக்கணத்தை மட்டுமே திருத்த முடியும், வாதத்தைத் திருத்த முடியாது.

வழிபாட்டுத் தலத்திற்குச் சென்று எழுதும் பணி

உலகச் சமயங்கள் பாடத்தில், தமக்குப் பழக்கமில்லாத ஒரு சமயத்தின் வழிபாட்டில் பார்வையாளராகக் கலந்துகொண்டு எழுதுமாறு சொல்வது வழக்கம். என் பார்வையில் முழுப் பாடத்திலும் சிறந்த பகுதி இதுவே. அமெரிக்காவின் சமயப் பன்மையை ஆராய 1991-இல் ஹார்வர்டில் டயானா எக் தொடங்கிய புளூரலிசம் புராஜெக்ட் என்ற திட்டத்தின் தளத்தைச் செல்வதற்கு முன் ஒரு முறை பார்ப்பது உதவும்.

ஒரு வாரம் முன்பாகவே தொலைபேசியில் அழைத்து, மாணவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்த நேரம் வரலாம், என்ன உடை தகும் என்று கேளுங்கள். சீக்கியரின் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும். லங்கர் என்ற அங்குள்ள பொது உணவுக்கூடத்தில் எல்லாருக்கும் உணவு உண்டு, அமர்ந்து உண்பதில் தயக்கம் வேண்டாம். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குவது அச்சபையினருக்கு உரியது. நீங்கள் இருக்கையிலேயே அமைதியாக இருந்தால் எவரும் தவறாக எண்ண மாட்டார்கள். பள்ளிவாசலில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனி இடங்களில் தொழுவதால், உங்களுக்கு எந்த வாசல் என்று முன்னதாகவே கேட்டு வைப்பது நல்லது. யூதர்களின் சப்பாத் என்ற ஓய்வுநாள் வழிபாட்டில் குறிப்பேட்டில் எழுதுவதும் கைபேசியைப் பயன்படுத்துவதும் பல சபைகளில் ஏற்கப்படாது; பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு வீடு வந்து எழுத வேண்டும். அனுமதி பெறாமல் படம் எடுக்காதீர்கள்.

எழுதும்போது, கண்ணால் கண்டதையும் நீங்கள் ஊகித்ததையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரியுங்கள். 'முதியவர் ஒருவர் மூன்று முறை மண்டியிட்டார்' என்பது கண்டது; 'அவர் ஆழ்ந்த பக்தியில் இருந்தார்' என்பது ஊகம். நினியன் ஸ்மார்ட் என்ற அறிஞர் சமயத்தைச் சடங்கு, கதை, அனுபவம், சமூக அமைப்பு, அறம், கோட்பாடு, பொருட்கள் என ஏழு பரிமாணங்களில் காணச் சொன்னார். அந்த ஏழையும் கேள்விப் பட்டியலாகக் கொண்டு சென்றால் எதைக் கவனிப்பது என்ற திகைப்பு எழாது.

உங்கள் சமயமே பாடமாக வரும்போது

இந்து சமய அத்தியாயம் பெரும்பாலும் வேதம், உபநிடதம், கீதை என்று சென்று முடிந்துவிடும். ஆழ்வார்களும் நாயன்மார்களும் ஒரு பத்தியில் வந்தால் பெரிது. தமிழ்க் கிறித்தவமும் தமிழ் இசுலாமும் அந்த அளவும் வருவதில்லை. இதைக் கண்டு வகுப்பில் சினந்து பேசுவதால் பயனில்லை. பருவ இறுதிக் கட்டுரைக்கு நீங்களே தலைப்பைத் தேர்ந்தெடுக்க அனுமதி இருந்தால், அந்த இடைவெளியையே தலைப்பாக்குங்கள். ஆசிரியர் சரிபார்க்கக்கூடிய ஆங்கில மூலங்கள் வேண்டும்: நம்மாழ்வார் பாசுரங்களுக்கு ஏ.கே. ராமானுஜன் 1981-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பும், தேவாரத்திற்கு இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் 1989-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பும் கல்லூரி நூலகங்களின் பரிமாற்ற முறையில் வரவழைத்துப் பெறத்தக்கவை. உமறுப் புலவரின் சீறாப்புராணமோ வீரமாமுனிவரின் தேம்பாவணியோ வேண்டுமானால், போதிய ஆங்கில ஆய்வுகள் கிடைக்கின்றனவா என்று நூலகரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பழக்கத்தை ஒரு சமயம் முழுமைக்கும் பொதுவானதாகச் சொல்லிவிடாமல் இருப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. எங்கள் குடும்பத்தில் இப்படி என்று சொல்லுங்கள்; இந்துக்கள் எல்லாரும் இப்படி, முஸ்லிம்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லாதீர்கள். வகுப்பில் உள்ள மற்றவர்கள் உங்களை ஒரு சமயத்தின் பேச்சாளராக ஆக்க முயன்றாலும் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை.

மாற்றுச் சேர்க்கைக்கு ஆயத்தமாதல்

இலையுதிர்ப் பருவத்தில் பல்கலைக்கழகம் செல்ல எண்ணுபவர் அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே கலிபோர்னியாவின் இரு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதாவது இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் பல்கலைக்கழகங்களுக்கு, ஆஃபீஸ் அவர்ஸில் உங்களை அறிந்த ஆசிரியரிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பாகக் கேளுங்கள். அவருக்காக நீங்கள் எழுதிய சிறந்த கட்டுரையின் படியையும் உடன் கொடுங்கள்.

எடுத்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும், திருத்தப்பட்டு வந்த கட்டுரைகளையும் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். உங்கள் கல்லூரியின் பாடங்களைத் தன் பாடங்களுக்கு இணையாக ஏற்கும் ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகம் ஒன்று, நீங்கள் இங்கே படித்த அறவியல் தன் அறவியலுக்கு நிகரா என்று ஐயுற்றால், எந்த நூல்கள் படிக்கப்பட்டன, எத்தனை பக்கம் எழுதப்பட்டன என்பதைக் காட்ட அந்தக் கோப்பைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.